வித்தியாசமே தெரியாது

1

இந்தக் கதை ஒரு மூக்குக் கண்ணாடியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை என்னவோ ஒரு கம்ப்யூட்டரைப் பற்றியதுதான். நடுவில் கண்ணாடி வந்து நிற்கும்போது, "இது எங்கிருந்து வந்தது?" என்று நீங்கள் கேட்கக்கூடாது பாருங்கள்.

ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டார். வீட்டுக் கணினிக்காக ஒரு சிறப்பிதழ் போடுகிறார்களாம். இலவசமாகக் கிடைக்கிற, உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் பார்த்துத் திருத்தக்கூடிய இயங்குதளங்கள் இருக்கின்றனவே, லினக்ஸ் என்று சொல்வார்களே, அது வீட்டில் சாதாரணமாகக் கம்ப்யூட்டர் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒத்துவருமா? இதைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றார்.

"நான் குடும்பக் காதல் கதை எழுதுறவ சார். எனக்கென்ன தெரியும்?"

"அதனாலதாம்மா கேக்கறேன். நிபுணர் எழுதினா நிபுணர்தான் படிப்பாரு. உங்களை விட சாதாரணமான ஆள் எங்களுக்குக் கிடைக்கல."

இது பாராட்டா இல்லையா என்று யோசிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். ஆளை உட்கார வைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று பகல் முழுக்கக் கேட்பது அவர் வேலை. அந்த வாரம் ஒரு நாள் அவர் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னார்.

"இன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்க. போன மாசம்தான் புதுக் கண்ணாடி வாங்கிட்டுப் போனாங்க. மறுபடி வந்து, கம்ப்யூட்டர்ல மட்டும் எழுத்து குண்டா தெரியுதுங்கறாங்க. பேப்பர்ல சரியா இருக்காம், போர்டுல சரியா இருக்காம். செக் பண்ணேன். பவர் அப்படியே இருக்கு. கண்ணு நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"சந்தோஷப்பட்டிருப்பாங்களே."

"அதான் இல்ல. முகம் செத்துப் போச்சு. 'கண்ணு இல்லன்னா அப்புறம் வேற எது சார்?'னு கேட்டாங்க. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டேன்."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. கீழே வருவது எல்லாம் என் கற்பனை. (எல்லாமும் என்று நம்பத்தான் ஆசை. கடைசியில் அதைப் பற்றிப் பேசுவோம்.)

2

தொடக்கங்களாக எழுதிப் பார்த்தவை:

"தகவல் தொழில்நுட்பம் வேகமாக வளர்ந்துவரும் இன்றைய சூழலில்…" தூக்கம் வந்தது.

"அவள் கண்களில் நீர் திரையிட்டது, எதிரே கணினியின் திரையும்…" என் வழக்கமான வாசகிகளுக்குப் பிடிக்கும். ஆனால் இவள் அழுகிறவள் இல்லை. பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வீங்கின கன்னத்தோடு வருகிறவர்களை நாள் முழுக்கச் சிரிக்க வைத்து உட்கார வைக்கிறவள்.

"லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தன் மனைவியை மிகவும் நேசித்தார். அதுதான் பிரச்சினை." இது பரவாயில்லை. இதிலிருந்தே போகிறேன்.

3

லிஃப்ட் மெக்கானிக்குக் கையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். மூடி திறக்க முடியாத எதையும் அவர் நம்பமாட்டார். மிக்சி வாங்கப் போனாலும் கவிழ்த்து, திருகாணி எங்கே என்றுதான் முதலில் பார்ப்பார். "உள்ள என்ன இருக்குன்னு காட்டமாட்டேங்கறவன் எதையோ மறைக்கிறான்" என்பது அவர் வேதவாக்கு. லிஃப்டுக்கும் சொல்வார், அரசாங்கத்துக்கும் சொல்வார், ஒரு முறை சம்பந்தி வீட்டாருக்கே சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவருக்கு லினக்ஸ் பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன?

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டிருந்தது. போட்டுவிட்டுக் காய் நறுக்கி முடித்தால்தான் திரை முழுதாக வரும். அதில் இருந்த பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அறிவிப்பு வேறு வந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் மச்சினன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பேச்சு எழுந்தது.

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க மாமா."

"எதுக்கு? நல்லா இருக்கற பெட்டி. லினக்ஸ் போட்டா ஓடும்."

"உங்களுக்கு ஓடும். அக்காவுக்கு ஓடுமா? அதெல்லாம் வீட்டுல யூஸ் பண்றவங்களுக்கு ஆகாது மாமா. ஒரு வாரம் தாங்காது. எங்க கடைக்குத் தினமும் நாலு பேர் வர்றாங்க, 'என் பையன் என்னமோ போட்டுட்டான், பழையபடி ஆக்கிக் குடுங்க'ன்னு."

"உங்க அக்கா யூஸ் பண்ணுவா. வித்தியாசமே தெரியாது, பார்க்கறியா?"

"பார்க்கலாம் பார்க்கலாம்" என்று மச்சினன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் செய்தது. மாமன் மச்சான் பேச்சில் எத்தனையோ நல்ல கம்ப்யூட்டர்கள் பாழாகியிருக்கின்றன.

இந்தப் பேச்சின்போது அவள் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.*

* இதை நான் பிறகுதான் சேர்த்தேன். அவள் கூடத்தில் இருந்திருந்தால் கதையே இல்லை. "என் கம்ப்யூட்டர்ல கை வச்சீங்க, பாருங்க" என்றிருப்பாள், முடிந்திருக்கும். கதாசிரியர்கள் பெண்களை அடிக்கடி மாடிக்கு அனுப்புவது இதற்காகத்தான்.

4

அவள் ஒரு வார இறுதியில் தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் வேலையை முடித்தார்.

எப்படி முடித்தார் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் இருக்கிற அன்பு எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் பழைய திரையை போனில் படம் பிடித்துக்கொண்டார். அவள் கோப்புகளையும் படங்களையும் வேறொன்றில் பத்திரப்படுத்தினார். பிறகு பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றினார். அது ஏறின வேகத்தில் இப்போது காய் நறுக்க நேரமில்லை, கத்தியை எடுப்பதற்குள் வந்துவிடும். பிரிண்டரைச் செருகினார். அதுவாகவே அடையாளம் கண்டுகொண்டது. யாருமில்லாத வீட்டில் "சபாஷ்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அசல் வேலை. புதிய சிஸ்டத்துக்குப் பழையதன் வேஷத்தைப் போட்டார். அதே வால்பேப்பர்: கடற்கரையில் மகள் முதுகைக் காட்டி நிற்கும் படம். அதே நீலப் பட்டை கீழே. போனில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஐகானையும் அது இருந்த இடத்திலேயே உட்கார வைத்தார். கல்யாண வீட்டில் பந்தி நடத்துகிறவர் கூட இத்தனை பார்த்து உட்கார வைக்கமாட்டார். ஓரமாக, காரணமேயில்லாமல் தனியாகக் கிடந்த ஒரு ஃபோல்டரைக் கூட அப்படியே ஓரமாகக் கிடக்கவிட்டார்.

ஒன்றை மட்டும் மறைக்க முடியவில்லை. போட்டவுடன் புதிய சிஸ்டத்தின் முத்திரை திரையில் வந்துபோகும். அதனால், அவள் வேலையிலிருந்து வருவதற்கு முன்பே கம்ப்யூட்டரைப் போட்டுத் தயாராக வைத்துவிடுவார்.

"என்னங்க இது புதுசா?" என்றாள் முதல் நாள்.

"களைச்சுப் போய் வர்றியே, அதான்."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு நன்றாக வரும். என் பிழைப்பே அதுதான். ஆனால் இந்த இடத்தில் எழுத மனசு வரவில்லை.

5

(இது கட்டுரைப் பகுதி. ஆசிரியருக்காக.)

ஒத்துவருமா? பெரும்பாலும் ஒத்துவரும். இணையம் பார்க்க, படங்களைச் சேர்த்துவைக்க, கடிதம் தட்ட, தங்கையோடு வீடியோவில் பேச, மின்கட்டணம் கட்ட வேறென்ன வேண்டும்? காசு கேட்காது. கிழட்டுப் பெட்டிக்கு உயிர் கொடுக்கும். எதிர்ப்பக்கமும் சொல்லவேண்டும். வெளியாட்களோடு கோப்பு பரிமாறுகிறவர்களுக்குச் சில சமயம் அட்டவணைக் கோடுகள் இடம் மாறும். ஒரு குறிப்பிட்ட மென்பொருள்தான் வேண்டும் என்பவர்களுக்கு அது கிடைக்காமல் போகலாம். சந்தேகம் வந்தால் கேட்க வீட்டிலோ தெருவிலோ ஒருவர் இருந்தால் நல்லது.

இதை எழுதி முடித்தபோது கட்டுரையே முடிந்துவிட்டது போலிருந்தது. ஆனால் "சாதாரணமாகப் பயன்படுத்துகிறவர்" என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவர் யார்? நான் நினைக்கிறேன்: தன் கம்ப்யூட்டரில் எது எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லத் தெரியாதவர், ஆனால் கைக்குத் தெரியும். இருட்டில் சுவிட்ச் தேடுகிற கை மாதிரி. அப்படிப்பட்டவரிடம் இடம் மாறியதைச் சொல்லிவிட்டால், கை இரண்டு நாள் முனகிவிட்டுப் பழகிக்கொள்ளும். சொல்லாவிட்டால்?

6

இந்தப் பகுதியில் ஒரு கனவுக் காட்சி இருந்தது. என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இது தெளிவா இல்ல" என்றார். எடுத்துவிட்டேன்.

7

சொல்லாததால் நடந்தவை.

எழுத்து குண்டாகத் தெரிந்தது. புதிய சிஸ்டத்தில் தமிழ் எழுத்துரு வேறு. அவள் கண்ணாடியைத் துடைத்தாள், பிறகு மாற்றினாள். இவர் அதைக் கவனித்து, அவள் வேலைக்குப் போனதும் எழுத்துருவைச் சரிசெய்தார். மறுநாள் எழுத்து ஒல்லியானது. சேமிக்கிற பட்டன் வேறு பக்கம் இருந்தது; அவள் கை தேடுவதைப் பார்த்து, மறுநாள் அதையும் பழைய இடத்துக்கு நகர்த்தினார்.

தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஒரு ஆட்டம் சீட்டு அடுக்குவாள். பழையதில் கட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டாகத் திரும்பும். புதியதில் மூன்று மூன்றாக. தோற்றுக்கொண்டே இருந்தாள். "முன்னாடி ஜெயிப்பேனே" என்று திரையிடமே சொன்னாள். இவர் பின்னால் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை, அமைப்புகளுக்குள் புகுந்து அதை ஒவ்வொன்றாகத் திரும்பும்படி மாற்றினார்.

மருத்துவமனையில் வரவேற்பாளர்களுக்கான டூட்டி அட்டவணையை அவள்தான் வீட்டில் தட்டி எடுத்துப்போவாள். அங்கே திறந்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. "அக்கா, உங்க ஷீட்டுல எனக்கு ஒரே நேரத்துல ரெண்டு டூட்டி, எந்தச் சீட்டுல உக்கார?" என்று சின்னப் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து திறந்தால் எல்லாம் நேராக இருந்தது.

லிஃப்ட் மெக்கானிக் நல்ல மெக்கானிக். குறை தெரிந்தால் அன்றே சரிசெய்துவிடுவார். லிஃப்டுக்கு அது நல்லது. லிஃப்ட், நேற்று நாம் ஏன் மூன்றாவது மாடியில் நின்றோம் என்று யோசிப்பதில்லை.

அவள் யோசித்தாள். அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டே இருந்தவர். டப்பா எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. கண் முன்னால் இருந்தும் அம்மாவின் கை வேறெங்கோ போய்த் துழாவும். பிறகு மகளையே "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்.

கண்ணாடிக் கடையில் கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். கண் இல்லையென்றால், பிறகு வேறு எது?

8

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மச்சினன் வந்திருக்கிறான். லிஃப்ட் மெக்கானிக் காலையிலிருந்தே மீசைக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும், எல்லோருக்கும் முன்னால், "உங்க அக்கா இத்தனை நாளா எதுல வேலை பார்க்கறான்னு கேளு" என்று ஆரம்பிக்கப் போகிறார். மனசுக்குள் வசனம் தயார். தண்ணீர் எடுத்துவரச் சமையலறைப் பக்கம் போகிறார். உள்ளே அக்காவும் தம்பியும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள்.

"அம்மாவுக்கு எப்படி ஆரம்பிச்சுதுன்னு ஞாபகம் இருக்காடா உனக்கு?"

"ஏன்க்கா?"

"உப்பு டப்பாவுக்கு முன்னாடி. முதல்முதல்ல."

"என்னக்கா ஆச்சு உனக்கு?"

"எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுதுடா. கை அங்கதான் போகுது. போற இடத்துல அது இல்ல. மறுநாள் பார்த்தா இருக்கு. அம்மா இப்படித்தானே சொல்லிட்டு இருந்தாங்க?"

"சும்மா எதையாவது நினைச்சுக்காதே. வேலை ஜாஸ்தியா இருக்கும்."

"புதன்கிழமை நரம்பு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன். நீ கூட வா. மாமாகிட்ட சொல்லாதே, பயந்துடுவாரு. பாவம்டா, நான் வர்றதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டரைப் போட்டு வச்சுட்டு உக்காந்திருக்காரு. அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்குன்னு நினைக்கிறேன். அதான் இப்படிப் பார்த்துக்கறாரு."

காலிச் சொம்போடு சமையலறை வாசற்படியில் அவர்.

9

இங்கே நான் மாட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் இதுவரைக்கும் படித்துவிட்டுக் கேட்டார்: "அப்புறம்?"

"அப்புறம் அவர் சொல்லமுடியாமத் தவிக்கிறாரு. புதன்கிழமை வரைக்கும் இழுக்கலாம்னு இருக்கேன்."

"எதுக்குத் தவிக்கணும்? அங்கயே சொல்லிடுவான். சொல்லலன்னா அவன் மனுஷனா?"

"உடனே சொல்லிட்டா கதை எங்கங்க?"

"உனக்குக் கதை வேணுமா, அந்தம்மாவுக்கு நிம்மதி வேணுமா?"

இந்த மனிதரோடு குடித்தனம் நடத்திக்கொண்டு எப்படி நாவல் எழுதுவது, சொல்லுங்கள்.

ஆனாலும் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அவளுக்கு ஆரம்பத்திலேயே எல்லாம் தெரியும், சும்மா அவரை ஆட்டிவைத்தாள். வாசகிகள் இதைக் கொண்டாடுவார்கள். கிழித்துவிட்டேன். அப்படியானால் சமையலறையில் தம்பியிடம் கேட்ட கேள்வி பொய்யாகிவிடும். அந்தக் குரலை நான் கேட்டேன். அது பொய்யில்லை.

இரண்டாவது முடிவு: நரம்பு மருத்துவரின் வரவேற்பறை. டாக்டர் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவள் டக் டக்கென்று பதில் சொல்கிறாள். இவர் கடைசி நாற்காலியில் கூனிக்குறுகி… இல்லை. அதுவரை அவளைக் காக்கவைக்க என் கையும் ஒப்பவில்லை.

மூன்றாவது முடிவு: அவர் சொல்லிவிடுகிறார். சொம்பை மேடையில் வைத்துவிட்டு, மச்சினன் எதிரிலேயே.

"உனக்கு ஒண்ணுமில்ல. நான்தான் மாத்தினேன். உள்ள இருக்கறது பழைய சிஸ்டமே இல்ல."

அவள் கேஸ் அடுப்பை அணைக்கிறாள். "எப்பலேர்ந்து?"

"நீ உன் ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போனியே, அப்பலேர்ந்து."

"எழுத்து?"

"நான்தான்."

"சீட்டு?"

"அதுவும்."

"காலைல நான் போனதுக்கப்புறம் மாத்தி மாத்தி வச்சீங்களா?"

அவர் தலையாட்டுகிறார். மச்சினன் குளிர்பதனப் பெட்டியின் கதவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறான்; அதில் ஒன்றுமில்லை.

"மூடி தொறக்காத எதையும் நம்பமாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்களே" என்கிறாள் அவள். குரல் உயரவில்லை. "எனக்கு மட்டும் ஏன் மூடி வச்சுக் குடுத்தீங்க?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடிக்கிறாள். உயிர் திரும்பி வருவதற்கு ஒரு சத்தம் இருக்குமானால், அந்த மடக்கு மடக்கென்ற சத்தம்தான்.

"பழையதையே போட்டுடறேன்" என்கிறார்.

"வேண்டாம். வேகமாத்தான் இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வேஷத்தைக் கலைங்க. புதுசு புதுசு மாதிரியே இருக்கட்டும். எது எங்க இருக்குன்னு நானே பார்த்துக்கறேன். தெரியலன்னா உங்களைக் கூப்பிடறேன். கூப்பிட்டா மட்டும் வாங்க."

"அப்ப மாமா ஜெயிச்சாச்சா, நான் ஜெயிச்சேனா?" என்கிறான் மச்சினன்.

"நீ முதல்ல வெளிய போடா."

ஆசிரியர் அவர்களே, கட்டுரை கேட்டீர்களே, இதுதான் என் கட்டுரை. ஒத்துவரும். சொந்த முகத்தோடு வந்தால் ஒத்துவரும்.

10

இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். என் நாவல்கள் எல்லாம் இப்படித்தான் முடியும்: கோபம் பாதி ஆறியிருக்கும், அடுப்பில் ஏதோ கொதிக்கும்.

ஆனால் என் வீட்டுக்காரர் நேற்று, வேட்டி நுனியால் தன் கண்ணாடியைத் துடைத்தபடி, "சனிக்கிழமை அந்தம்மா வருவாங்க" என்றார்.

"எந்தம்மா?"

"எழுத்து குண்டா தெரியுதுன்னாங்களே. வேற லென்ஸ் போட்டுப் பார்க்கலாம்னு சொல்லியிருந்தேன். சும்மா அவங்க மனசுக்காக."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுத எழுத, அந்தம்மா என் கதையின் வரவேற்பாளராகவே ஆகிவிட்டிருந்தார். கடைக்குத் திரும்பி வரக்கூடிய ஒரு பெண் என்பதை மறந்தே போயிருந்தேன்.

"ஒண்ணு கேளுங்களேன் அவங்ககிட்ட. வீட்டுல யாராவது கம்ப்யூட்டரை மாத்தினாங்களான்னு."

"கேக்கறேன். கேக்கறதுல என்ன?" கண்ணாடியைக் கீழே வைத்தார். "யாரும் மாத்தலன்னு சொல்லிட்டா?"

யாரும் மாற்றவில்லை என்று அந்தம்மா சொல்லிவிட்டால், லென்ஸ்தான் காரணம் என்று அவருக்கிருந்த கடைசிச் சமாதானத்தையும் நாங்களே பிடுங்கினது போலாகிவிடும். கேட்காமல் விட்டால், வீட்டில் ஒரு திருப்புளிக்காரர் எல்லாம் தெரிந்தும் காபி ஆற்றிக்கொண்டே இருப்பார்.

"கேட்டுடறேன்" என்றார் என் வீட்டுக்காரர் கடைசியில். "எப்படிக் கேக்கறதுன்னு மட்டும் நீ எழுதிக் குடு. உனக்குத்தான் வசனம் வரும்."

வரவில்லை. நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே வசனம் மாதிரியே இருந்தது.

இந்தக் கதை சனிக்கிழமைக்கு முன்பே ஆசிரியர் கைக்குப் போய்விடும். நீங்கள் படிக்கும்போது அந்தம்மா கடைக்கு வந்து போயிருப்பார். என்ன பதில் சொன்னார் என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. எனக்கே இப்போது தெரியாது.

ஆனால் படிக்கிறவர்களில் ஒருவர், அந்தம்மாவின் வீட்டுக்காரரோ இல்லை வேறொரு வீட்டில் என் மெக்கானிக்கைப் போலவே அன்பாக எதையோ மாற்றி வைத்துவிட்டுத் தான் ஜெயிக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறவரோ, இருக்கக்கூடும். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் போட்டது நல்ல சிஸ்டம்தான். ஐகான்களை அந்தந்த இடத்தில் வைத்த கையை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இதழைக் கவிழ்த்து வையுங்கள். உங்கள் மனைவி அடுத்த அறையில்தான் இருப்பார். முதல் வாக்கியத்தை நான் தொடங்கித் தருகிறேன், வசனம் மாதிரி இல்லாமல்:

"இங்க வாயேன், ஒண்ணு காட்டணும். உன் கம்ப்யூட்டர்ல நான்